பெருங்காயம் மணக்கும் புத்தகம்

விஜயநகரத்துக்கு ஒரு போர்ச்சுக்கீசியர் நல்ல குதிரை ஒன்றை விற்கக் கொண்டுவந்தார். குதிரைக்கு வயிற்றில் வாயு. ராஜா வேண்டாம் என்றுவிட்டார். பெருங்காயம் கொடுத்துக் குணமாக்கி மறுபடி கொண்டுபோனார் அவர். மருந்தின் பெயரைக் கேட்ட ராஜா, தேவர்கள் சாப்பிடுவதைக் கொடுத்தால் குணமாகாமல் என்ன என்றாராம். பிசாசுகளின் சாப்பாடு என்றல்லவா சொல்ல வேண்டும் என்று குதிரைக்காரர் தன் மொழியில் மெல்ல முணுமுணுத்துக்கொண்டார்.

இந்தக் கதையைச் சொல்லும் நூல் 1563 ஏப்ரலில் கோவாவில் அச்சானது. இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய உரையாடல்கள் அது. எழுதியவர் கார்சியா த ஓர்தா, 1534இல் கோவாவுக்கு வந்த போர்ச்சுக்கீசிய மருத்துவர். இருபதாண்டுக்கு முன், 1543இல், வெசாலியஸ் பிணத்தை அறுத்துப் பார்த்து உடற்கூறு நூல் எழுதி, பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் பிழைகளைக் காட்டியிருந்தார். ஓர்தா அதே காரியத்தை மருந்துப் பெட்டியில் செய்தார். ஸ்பெயினில் இருந்திருந்தால் கேலனுக்கு எதிராக வாய் திறக்கத் துணிந்திருக்க மாட்டேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

புத்தகத்தில் ருவானோ என்ற கற்பனை டாக்டர் பழைய ஏட்டை நீட்டிக் கேள்வி கேட்பார். ஓர்தா வேலைக்காரி அந்தோனியாவைக் கூப்பிட்டுச் சரக்கையே கொண்டுவரச் சொல்வார். மிளகுக்கொடியின் பிஞ்சுதான் திப்பிலி என்று கிரேக்கர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டும் வேறு வேறு செடி என்று ஓர்தா அடித்துச் சொன்னார். ஆனால் வெள்ளை மிளகும் கருமிளகும் தனித்தனிக் கொடியில் காய்ப்பவை என்று அவரே சறுக்கியும் இருக்கிறார். அச்சுப் பிழைகளுக்கும் பஞ்சமில்லை. பிழைத்திருத்தமே பல பக்கம்.

இந்தச் சரக்குகளைப் பார்க்க அருங்காட்சியகம் தேட வேண்டாம். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நூறாண்டு தாண்டிய டப்பா செட்டி கடைக்குப் போனால் போதும். சித்தரத்தை, வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், திப்பிலி என்று ஓர்தாவின் பொருளடக்கத்தில் பாதி அங்கே பொட்டலம் கட்டிக் கிடைக்கும். அதே சாலையில் கிழக்கே நடந்தால் சாந்தோம். புத்தகம் அச்சான நாளில் அங்கே போர்ச்சுக்கீசியர்கள் குடியேறி ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

மருத்துவ வரலாற்றில் இந்த நூலுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது 17ஆவது உரையாடல். கோஷ்டம் என்ற மருந்துச் சரக்கைப் பற்றிய பேச்சு காலராவுக்குத் தாவுகிறது. குழிவிழுந்த கண், ஒடுங்கிய நாடி, காலில் இழுப்பு, நிற்காத வாந்திபேதி: ஆசியக் காலராவைப் பற்றி ஐரோப்பிய மருத்துவர் எழுதிய முதல் தெளிவான விவரிப்புகளில் ஒன்று இது. உள்ளூர் வைத்தியர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுகிறார். மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிக் கஞ்சித் தண்ணீர்! பாதத்தில் சூடு போடுவார்கள் என்பதையும் மறைக்கவில்லை. சூட்டை விட்டுவிடுவோம், கஞ்சியைப் பாருங்கள். வாந்திபேதிக்கு உப்புச் சேர்த்த அரிசிக் கஞ்சியை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. ஹக்கீம்கள், இந்து வைத்தியர்கள், வியாபாரிகள் என்று பலரிடம் கேட்டு எழுதியவர் ஓர்தா. அவர்களில் பெரும்பாலோருக்குப் புத்தகத்தில் பெயர் கிடையாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஐரோப்பா படித்ததோ இந்தப் புத்தகத்தை அல்ல. குளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1567இல் ஆண்ட்வெர்ப்பில் லத்தீன் சுருக்கம் வெளியிட்டார். உரையாடலை எடுத்துவிட்டுத் தகவலை மட்டும் வைத்துக்கொண்டார். குதிரையும் அந்தோனியாவும் யாருக்கு வேண்டும்? ஓர்தாவின் புகழ் பரவியது அந்தச் சுருக்கத்தால்தான். கோவாவில் அச்சான மூலப் பிரதிகள் இன்று மிக அரிது. குளூசியஸ் குறிப்பெழுதிய பிரதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

ஓர்தா யூத வழி வந்தவர். 1568இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே கோவாவின் சமய விசாரணை மன்றம், ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றியதாகச் சொல்லி, அவர் தங்கை கத்தரினாவை எரித்துக் கொன்றது. 1580இல் ஓர்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். புத்தகத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குள் அது கடல் கடந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இதை 1913இல் மொழிபெயர்த்தவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். பெருவிலிருந்து சின்கோனா கன்றுகளை நீலகிரிக்குக் கொண்டுவந்தாரே, அதே மார்க்கம்தான். அந்த மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வரிசையாகப் படிக்க வேண்டாம். 7ஆவது உரையாடலில் பெருங்காயத்தைப் படியுங்கள், பிறகு 17க்குப் போங்கள்.