குறைமாதக் குழந்தைக்கு 30-ம் நாள்!
கண்ணைக் காக்க வந்த கம்ப்யூட்டர்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ஒரு வீடு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண்ணுக்கு ஏழு மாதம் முடிந்ததுமே வலி கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

பிறந்த குழந்தையின் எடை ஒன்றரைக் கிலோதான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, டாக்டர்கள் அதைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். எடையும் கூடியது. வீட்டுக்கு அனுப்பும்போது, "30 நாள் ஆவதற்குள் கண் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

பாட்டிக்கு இதில் சம்மதம் இல்லை.

"கண்ணு கருவண்டு மாதிரி நல்லாத்தானே இருக்கு? பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எதுக்கு அலையணும்? மூணு மாசம் போகட்டும்" என்கிறாள்.

பாட்டி சொல்வது பாசத்தால்தான். ஆனால், அந்த மூன்று மாதத்துக்குள் குழந்தையின் பார்வையே போய்விடக் கூடும்!

என்ன வியாதி?

நம் கண்ணின் உட்புறம், பின்பக்கத்தில் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதுதான் விழித்திரை. நாம் பார்க்கும் காட்சி அதில்தான் விழுகிறது.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள், குழந்தை வயிற்றில் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வளருகின்றன. பத்தாவது மாதத்தில்தான் அந்த வேலை முடிகிறது.

முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு இந்த வேலை பாதியில் நிற்கிறது. பிறகு சில குழந்தைகளுக்கு, ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரத் தொடங்குகின்றன. அவை விழித்திரையைப் பிடித்து இழுக்கும். திரை கிழிந்த சீலைபோல இடத்தை விட்டுக் கழன்றுவிட்டால், பார்வை போய்விடும்.

வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வலியும் இல்லை.

உயிர் தந்த காற்று

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் டெர்ரி, 1942-ல் இந்த வியாதியைப் பற்றி முதன்முதலில் எழுதினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், உலகெங்கும் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் பார்வை இழந்தன.

காரணம் என்ன? குழந்தை பிழைக்க வேண்டுமே என்று கொடுத்த பிராண வாயு! அளவுக்கு மீறிக் கொடுத்ததால் வந்த வினை அது என்று 1954-ல் உறுதியாகத் தெரிந்தது.

இன்று பிராண வாயுவை அளந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் அபாயம் அடியோடு நீங்கிவிடவில்லை. மிகச் சிறிய குழந்தைகளும் இப்போது பிழைக்கிறார்கள் அல்லவா?

கோவையில் நடந்தது

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கின்றன. இந்த வியாதியைப் பார்க்கத் தெரிந்த கண் டாக்டர்களோ மிகக் குறைவு.

இதற்குக் கோவை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஒரு வழி செய்தது. பயிற்சி பெற்ற ஊழியர், ஒரு விசேஷ காமிராவுடன் சுற்று வட்டார ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்குப் போவார். குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுப்பார். டாக்டர் கோவையில் இருந்தபடியே அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்வார்.

2015 முதல் 2018 வரை இப்படி எடுத்த படங்களை, அமெரிக்காவின் ஆரிகன் மாநில விஞ்ஞானிகளுடன் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். டாக்டர்கள் முன்பே தரம் பிரித்த 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காட்டி, அதற்குப் பாடம் கற்றுக் கொடுத்திருந்தார்கள். ரத்தக் குழாய் எவ்வளவு தடித்திருக்கிறது, எவ்வளவு நெளிந்திருக்கிறது என்று பார்த்து, அது 1 முதல் 9 வரை மார்க் போடும். மார்க் ஏற ஏற ஆபத்து!

முடிவு 2021-ல் வெளியாயிற்று. சிகிச்சை தேவைப்பட்ட குழந்தைகளில் ஒன்றைக்கூடக் கம்ப்யூட்டர் தவற விடவில்லை. ஆனால், சிகிச்சை தேவைப்படாதவர்களில் 100-க்கு 22 பேரையும் "சந்தேகம்" என்றது. ஆகவே, கடைசி முடிவு டாக்டருடையதுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. பிராண வாயுவை அளக்கும் கருவிகள் இல்லாத இடங்களில் குழந்தைகளுக்கு வியாதி அதிகக் கடுமையாக இருந்தது!

தாய்மார் கவனத்துக்கு

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் 30 நாளுக்குள் கண் பரீட்சை அவசியம். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 1,200 கிராமுக்குக் குறைந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே காட்ட வேண்டும்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். குழந்தை சற்று அழும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு முறை காட்டினால் போதாது. டாக்டர் "போதும்" என்று சொல்லும்வரை போக வேண்டும்.

வியாதி முற்றுவதைக் கண்டுவிட்டால், இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் கதிர் சிகிச்சை செய்ய வேண்டும். சிலருக்கு ஊசி மருந்து. காலத்தோடு செய்தால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றலாம்.

ஓமந்தூர்ப் பாட்டிக்குப் புதுச்சேரி தூரம் இல்லை. அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரியும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், வீடு தேடி வந்து குழந்தையைத் தூக்கிப் போகாது. அந்த வேலை பாட்டியுடையது. பேரனைத் துணியில் பொதிந்துகொண்டு பாட்டி பஸ் ஏற வேண்டும், 30-ம் நாளுக்குள்!