வாசலில் ஒரு ஓவியப் பாடம்

வடிவமைப்புக்குச் சில விதிகள் உண்டு என்று ஓவிய வகுப்பில் படித்தோம். சமச்சீர், மறுபடி வருதல், வேறுபாடு, மையம். இந்த நாலும் நம்ம வீட்டு வாசல்லயே இருக்கு!

ஏழு புள்ளி, நாலு வரை ஊடுபுள்ளிக் கோலத்தைப் பாருங்க. 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளிகள். நடுவில் ஒரு கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். இது சமச்சீர். ஒரே இதழைச் சுற்றிலும் ஆறு முறை போடுகிறோமே, அது மறுபடி வருதல். சாணி தெளித்த ஈரத்தரையில் வெள்ளை மாவு பளிச்சுன்னு தெரியும். இது வேறுபாடு. மார்கழியில் நடுவே பூசணிப்பூ வைத்தால் கண் முதலில் அங்கேதான் போகும். அதுதான் மையம்.

எங்க ஆயா பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆனா ஒரு புள்ளிகூடப் பிசகாது.

ப்ளஸ் டூ முடிச்சு ஓவியம் படிக்கணும்னு எனக்கு ஆசை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கு. "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆயா கையில் இருப்பது அறிவு என்றால், அதைப் படிப்பதும் படிப்புதானே? நீங்களே சொல்லுங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி