பத்தை இருபதாக்கினால் என்ன நடக்கும்?

கணினியில் ஒரு வரைபடம் போட்டாயிற்று. கோடு பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அச்சுகளில் உள்ள பெயரும் எண்களும் பொடியாகத் தெரிகின்றன. நிரலில் ‘அடிப்படை எழுத்தளவு’ என்ற இடத்தில் 10 என்பதை அழித்து 20 என்று போடுகிறோம். ஒரே வரிதான். எழுத்துகள் இருமடங்காகிவிடுகின்றன. கூடவே, அச்சில் இருந்த எண்களில் ஒன்று குறைந்துவிடுகிறது! அதை அழிக்கச் சொன்னது யார்?

இதற்கு விடை ‘மேட்பிளாட்லிப்’ என்ற இலவச மென்பொருளுக்குள் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போடுபவர்களில் பெரும்பாலோருக்குப் பழக்கமான கருவி இது. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காக ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் இதை எழுதத் தொடங்கினார். 2003இல் வெளியிட்டார்.

முதலில் அந்தப் பத்து என்பது பத்து என்ன? பாயிண்ட். அச்சுத் தொழிலிலிருந்து வந்த அளவு இது. ஓர் அங்குலத்தை 72 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு பாயிண்ட். ஆகவே 10 பாயிண்ட் என்பது சுமார் மூன்றரை மில்லிமீட்டர். அதுவும் எழுத்தின் உயரம் அல்ல; எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். எழுத்து அதற்குள் சற்றுக் குட்டையாகவே இருக்கும்.

திரைக்கு மில்லிமீட்டர் தெரியாது. பிக்சல் எனப்படும் படப்புள்ளிதான் தெரியும். மேட்பிளாட்லிப் தானாகப் போடும் படம் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். அங்குலத்துக்கு 100 பிக்சல். பத்தை நூறால் பெருக்கி 72ஆல் வகுத்தால், எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 13.9 பிக்சல். அந்த 0.9 பிக்சலை எப்படி வரைவது? எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் வளைகோடுகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அவற்றை வேண்டிய அளவுக்குச் சுருக்கி, விளிம்பு ஒரு பிக்சலில் எவ்வளவு படுகிறதோ அந்த விகிதத்தில் சாம்பல் நிறம் பூசுகிறது மென்பொருள். தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அது வழவழப்பான வளைவு.

படத்தின் தெளிவை 100 பிக்சலிலிருந்து 300 ஆக்கினால் எழுத்து பெரிதாகுமா? ஆகாது. 13.9 பிக்சல் 41.7 ஆகும், படமும் அதே மூன்று மடங்காகும். விகிதம் மாறாது, கூர்மைதான் கூடும். படத்தின் அகல உயரத்தை இருமடங்காக்கினால்? எழுத்து சிறுத்துத் தெரியும். கரும்பலகை பெரிதானாலும் வாத்தியாரின் கையெழுத்து அதே அளவில்தானே இருக்கும்!

இனி, காணாமல்போன எண்ணுக்கு வருவோம். படுக்கை அச்சின் நீளம் ஏறத்தாழ 357 பாயிண்ட். ஓர் எண் தன் எழுத்தளவைப் போல மூன்று மடங்கு இடம் பிடிக்கும் என்று மென்பொருள் வைத்துக்கொள்கிறது. எழுத்தளவு 10 என்றால் ஓர் எண்ணுக்கு 30 பாயிண்ட். தாராளமாக இடம் இருக்கிறது. ஆனாலும் ஒன்பது இடைவெளிக்கு மேல் போடாது. எழுத்தளவு 20 ஆனால் எண்ணுக்கு 60 பாயிண்ட். இப்போது ஐந்து இடைவெளிகளுக்குத்தான் இடம். கோடு 0 முதல் 100 வரை போனாலும், அச்சு இருபுறமும் சற்று நீள்வதால், அதை ஐந்தாகப் பிரித்தால் ஓர் இடைவெளி 22 ஆகும். அதற்காக 22, 44 என்று குறித்தால் யார் படிப்பார்கள்? 1, 2, 2.5, 5 ஆகியவற்றையும், அவற்றைப் பத்து, நூறு என்று பெருக்கியோ வகுத்தோ கிடைப்பவற்றையும் மட்டுமே அது இடைவெளியாக ஏற்கும். ஆகவே 0, 20, 40 என்று நூறு வரை ஆறு எண்களாக இருந்தது, 0, 25, 50, 75, 100 என்று ஐந்தாகிவிடுகிறது. நெரிசல் வருமுன்பே ஆளைக் குறைத்துவிட்டது மென்பொருள்.

அச்சுப் பெயருக்கும் இடம் வேண்டுமே? எழுத்து பெருத்தால் வரைபடக் கட்டம் சுருங்க வேண்டும். கட்டம் சுருங்கினால் அச்சின் நீளம் குறையும், எண்களே மாறலாம். எண்கள் மாறினால் அவற்றுக்கு வேண்டிய இடமும் மாறும். முட்டை முந்தியா, கோழி முந்தியா கதைதான். இதற்கென்றே உள்ள ‘கன்ஸ்ட்ரெய்ன்ட் லேஅவுட்’ என்ற தானியங்கி இட ஒதுக்கீட்டு முறை, முதலில் ஒரு தடவை எல்லாவற்றையும் அளந்து இடம் பிரிக்கிறது. பிறகு மாறிய நிலையை மறுபடி அளந்து, இரண்டாம் தடவையும் பிரிக்கிறது. இரண்டு சுற்றில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழில் பெயர் போட்டால் இன்னொரு முடிச்சு. தானாக வரும் ‘டெஜாவூ சான்ஸ்’ எழுத்துருவில் தமிழ் கிடையாது. வெற்றுக் கட்டங்கள்தான் வரும். தமிழ் எழுத்துரு மட்டும் போதாது. ‘கெ’ என்பதைக் கணினி முதலில் ‘க’, அடுத்து கொம்பு என்றே சேமிக்கிறது. வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர ‘ஹார்ஃப்பஸ்’ போன்ற தனி மென்பொருள் வேண்டும். அதன் துணை இல்லாமல் மேட்பிளாட்லிப் நெடுங்காலம் சேமித்த வரிசையிலேயே எழுத்தை அடுக்கியது. கொம்பு பின்னால் போய் நின்றது.

கடைசிக் கணக்கு அச்சகத்தில். ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒரு பத்தியின் அகலம் 89 மில்லிமீட்டர்; படத்தில் உள்ள எழுத்து 5 முதல் 7 பாயிண்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அந்த இதழ். நம் 6.4 அங்குலப் படத்தை அந்த அகலத்துக்குச் சுருக்கினால் 10 பாயிண்ட் எழுத்து 5.5 ஆகிவிடும். மயிரிழையில் தப்பிக்கிறது. ஆகவே எழுத்தளவில் கைவைக்குமுன், படம் எங்கே, எவ்வளவு அகலத்தில் வரப்போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அகலத்தையே நிரலில் கொடுத்துவிட்டால், நீங்கள் போடும் பத்து தாளிலும் பத்தாகவே இருக்கும்.