நடிக்க விழையும் வறியோர்க்குப் பொது நூல்நிலையம்

மேடையிலும் திரையிலும் தோன்றி நடித்தல் வேண்டுமென்னும் வேட்கை செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கு மட்டும் உரியதன்று. ஆயின் அக்கலையைப் பயிலுதற்கு இந்நாளிற் பெரும்பாலும் பொருள் வேண்டியிருக்கின்றது. பயிற்சிக்கூடங்கள் கேட்கும் கட்டணத்தைச் செலுத்த இயலாதவர் என் செய்வர்? அன்னோர் பெருஞ்செலவின்றிப் புகத்தக்க பள்ளியொன்று அவர் ஊரிலோ அடுத்த ஊரிலோ உள்ளது. அதுவே பொது நூல்நிலையம் என்பதை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

முன்னாளில் வறிய சிறுவர்க்கு நாடகக் கம்பெனிகளே கல்லூரிகளாயிருந்தன. 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கினார். அச்சபையிற் சேர்ந்தபொழுது தி. க. சண்முகம் ஆறு வயதுச் சிறுவர். இத்தகைய கம்பெனிகளில் உணவும் உறையுளும் கிடைத்தன. பாட்டும் வசனமும் ஆசிரியர் வாய்க்கேட்டு நெட்டுருவாயின. வாழ்வு கடுமையானதே, எனினும் கற்பதற்குக் கட்டணமில்லை. திரைப்படம் பரவியபின் அக்கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. அவை விட்டுச் சென்ற வெற்றிடத்தை நூல்நிலையம் முற்றும் நிரப்பாது. ஆயினும் ஒரு பெரும்பகுதியை நிரப்ப வல்லது.

முதலாவது, அது நாடக நூல்களைத் தருகின்றது. நடிகர் தேர்வுக்குச் செல்வோர் பலர், பெயர்பெற்ற திரைப்படங்களின் வசனங்களையே ஒப்புவிக்கின்றனர். கேட்போர்க்கு அது முன்னைய நடிகரின் எதிரொலியாகவே தோன்றும். 1954-இல் வெளிவந்த 'மனோகரா' படத்தின் வசனம் பலர்க்கும் மனப்பாடம். அப்படத்திற்கு மூலமாயமைந்தது பம்மல் சம்பந்த முதலியார் இயற்றிய நாடகம். அம்மூலத்தைப் படத்தோடு ஒப்புநோக்கிப் பயில்வோர், ஒரே பாத்திரம் இருவேறு சொல்லமைப்பில் எவ்வாறு உருமாறுகின்றது என்பதைக் காண்பர். அன்றியும் நாடகம் முழுவதையும் படித்தாலன்றி, ஒரு பாத்திரம் ஏன் அவ்வாறு பேசுகின்றதென்பது விளங்காது.

இரண்டாவது, அது இலக்கணம் தருகின்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த பரிதிமாற்கலைஞர் 1897-இல் 'நாடகவியல்' என்னும் நூலை வெளியிட்டார். விபுலாநந்த அடிகளின் 'மதங்க சூளாமணி', சேக்சுபியர் நாடகங்களை நம் நாடக மரபோடு இயைத்து ஆராய்வது. இவற்றினும் பழையது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். அழுகை நான்கு காரணத்தாற் பிறக்குமென அது வகுக்கின்றது: பிறரால் இகழப்படுதல், உரியவற்றை இழத்தல், தன் பண்டைய நிலை கெடுதல், வறுமை என்பன அவை. இகழப்பட்டவன் அழுகையும் இழந்தவன் அழுகையும் ஒன்றல்ல என்று உணர்ந்த நடிகன், கண்ணீருக்கு முன் காரணத்தைத் தேடுவான். இப்பாடத்திற்கு விலை ஏது?

மூன்றாவது, அது பாத்திரத்தின் உலகைத் தருகின்றது. 1930-ஆம் ஆண்டு வேதாரணியத்திற்கு உப்பெடுக்கச் சென்ற தொண்டனொருவனாக நடிக்க வேண்டுமாயின், அவன் உடையும் நடையும் பேச்சும் யாவை என அறிதல் வேண்டும். அக்காலத்து இதழ்களும் தன்வரலாறுகளும் நிழற்படங்களும் அதனைக் காட்டும். ஐயுறும் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி துணையாகும். நடிகர் வாழ்வையே அறிய விரும்புவோர்க்குச் சம்பந்த முதலியாரின் 'நாடகமேடை நினைவுகள்', சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' ஆகிய இரண்டும் உண்டு.

இந்நூல்களை எங்ஙனம் பெறுவது? 1896-இல் திறக்கப்பெற்ற சென்னைக் கன்னிமரா பொது நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படியைப் பெறும் உரிமையுடையது. ஆதலின் கடைகளிற் கிடையாத நாடகங்களை அங்குத் தேடலாம். 2010-இல் கோட்டூர்புரத்திலும், 2023-இல் மதுரையிலும் பெருநூலகங்கள் எழுந்துள்ளன. சிற்றூரார் தம் கிளை நூல்நிலையத்தில் தொடங்குக. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திற் பழைய நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

பயிலும் முறை இது. திங்கள்தோறும் ஒரு நாடகத்தை முழுதும் படிக்க. தமக்கேற்ற பேச்சொன்றைத் தேர்ந்து கைப்படப் பெயர்த்தெழுதுக; எழுதுங்கால் மூச்சு நிற்குமிடங்கள் புலனாகும். அதற்கு முன்னும் பின்னும் நிகழ்வனவற்றைக் குறித்துக்கொள்க.

நூல்நிலையத்தின் எல்லையையும் அறிதல் நன்று. நூல் நம் குரலைக் கேளாது. உடலின் பிழையைத் திருத்தாது. படிப்பகத்தில் உரக்கப் பேசவும் இயலாது. இக்குறைக்கும் அங்கேயே ஓரளவு மருந்துண்டு. கிளை நூல்நிலையங்கள் பலவற்றில் வாசகர் வட்டங்கள் இயங்குகின்றன. நால்வர் கூடி, நூலகரை அணுகி, ஒரு மாலை நாடகமொன்றை வாய்விட்டுப் படிக்க இடங்கேட்பின், கேட்போரும் திருத்துவோரும் ஒருங்கே கிடைப்பர்.

இங்ஙனம் கேட்டற்கு நாணவேண்டுவதில்லை. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்துவரியோடு நூலக வரியும் தண்டப்பெற்று இந்நிலையங்கட்குச் செலவாகின்றது. பொதுமக்கள் பொருளால் நடைபெறுவது பொதுமக்கட்கே உரியது. ஆங்கு ஒரு நாடகநூலைக் கேட்பது இரத்தலன்று. தமக்குரியதைத் தாம் எடுத்துக்கொள்ளுதலேயாம். எவரும் கேளாத நூல் அடுக்கிலிருந்து நீங்கினும் நீங்கும். ஆதலின், நடிக்க விழைவோர் கேட்குந்தோறும் தமக்கு மட்டுமன்றித் தம்பின் வருவோர்க்கும் அந்நூலைக் காப்பவராவர்.