ஆசிரியர் ஏன் சிலையானார்?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சிறுமி. மதுரையில் அவளுடைய தமிழ் டீச்சர். ‘ழ’ சொல்லிக்காட்ட டீச்சர் நாக்கை மடிக்கிறார். திரையில் அப்படியே சிலையாகிவிடுகிறார்! உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். ஆனால் பதிவு செய்த பாடம் மட்டும் பெரும்பாலும் தடங்கலில்லாமல் ஓடுகிறதே, எப்படி?

விடை தேடி லண்டனின் தென்மேற்கே டெடிங்டனுக்குப் போவோம். அங்கிருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 1965-இல் டொனால்ட் டேவிஸ் ஒரு வழி யோசித்தார்: கணினிச் செய்தியை முழுசாக அனுப்பாமல், சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்பினால் என்ன? அமெரிக்காவில் பால் பேரன் என்பவரும் தனியே இதே போல யோசித்திருந்தார். கல்யாணத்துக்குப் போகும் ஐம்பது உறவினர்கள் கிடைத்த பஸ்ஸில் ஏறி மண்டபத்தில் ஒன்றுசேர்வதில்லையா? அப்படித்தான். ஒவ்வொரு பொட்டலத்திலும் முகவரி இருக்கும், வரிசை எண் இருக்கும். இன்றைய இணையத்தில் ஒரு பொட்டலம் பொதுவாக 1,500 பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். வந்து சேர்ந்தவற்றை உங்கள் கணினி எண் பார்த்து அடுக்கிக்கொள்ளும்.

வழியில் சில பொட்டலங்கள் தொலையும். பதிவுப் பாடத்தில் அதனால் குறையில்லை. அடுத்து வரப்போகும் காட்சிகளைக் கணினி முன்கூட்டியே வாங்கிச் சேமித்திருக்கும். அது ஓடி முடிவதற்குள் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கிவிடும். நேரலை வகுப்பில் அந்த அவகாசம் ஏது? டீச்சர் இப்போதுதானே பேசுகிறார்! பொட்டலங்கள் வராவிட்டால், கடைசியாக வந்த படமே திரையில் நின்றுவிடும்.

வீடுகளுக்கு இணையம் வருவதற்கு முன்பே திரையில் பாடம் வந்துவிட்டது. 1971 ஜனவரியில் பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி என்ற பல்கலைக்கழகம் பிபிசி வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கியது. படப்பிடிப்பு வட லண்டனின் அலெக்ஸாண்ட்ரா பேலஸில். பாடத்தை நிறுத்தவோ பின்னால் ஓட்டவோ அன்று மாணவர்களால் முடியாது. ஆனால் அறிவியல் மாணவர்களுக்குச் சின்ன நுண்ணோக்கியைத் தபாலில் அனுப்பினார்கள்! கையால் தொட்டுச் செய்யும் சோதனையைத் திரை இன்றும் முழுசாகத் தருவதில்லை என்பது என் எண்ணம்.

இணையத்தின் பலம் வேறு. நீங்கள் தட்டும் விடையும் பொட்டலங்களாகத் திரும்பிப் போகிறது. நூறு பேரில் எழுபது பேர் ஒரே கேள்வியில் தவறினால், பாடம் எங்கே புரியவில்லை என்று தயாரித்தவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் திருத்தலாம். நிறுவனங்களுக்கும் பதிவுப் பாடம் லாபம்தான். புது இயந்திரத்தை இயக்கும் முறையை லண்டனில் ஒருமுறை படமெடுத்தால், சென்னைக் கிளை ஊழியர்கள் விமானம் ஏறாமலே கற்றுக்கொள்வார்கள்.

ஒரு சோதனை செய்வோமா? பதிவுப் பாடம் ஓடும்போது டேப்லெட்டில் வைஃபையை அணைத்துவிட்டு, படம் எத்தனை நொடி ஓடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு பாட்டியுடன் வீடியோ காலில் பேசும்போதும் அதையே செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பாட்டியிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்!