வெண்பனி நின்ற பிறகு

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தார். அவர் இராணுவத்தில் லாரி ஓட்டுநர். ஸ்ரீநகரிலிருந்து லடாக்கில் உள்ள லே நகருக்குச் செல்லும் மலைச்சாலை அவருக்கு நன்கு பழக்கமானது. பேச்சுக்கிடையே அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், பனி கொட்டும்போது வண்டியை நிறுத்தி வைப்பதில் நியாயம் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பனி நின்று, வானம் தெளிந்து, வெயில் பளிச்சென்று அடிக்கும்போதும் இரண்டு மூன்று நாட்கள் போகவிட மாட்டேன் என்கிறார்களே, அது எதற்கு?"

மலைப்பகுதிகளில் பனிப்பொழிவின்போது இருந்த ஆபத்து, பொழிவு நின்றவுடன் நீங்கிவிடுவதில்லை. சில ஆபத்துகள் பொழிவு நின்ற பிறகுதான் தொடங்கவே செய்கின்றன. அவை எவை, அவற்றின் காரணங்கள் எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்கும் நீர்த்துளியையும் நாம் பனி என்கிறோம். இமயமலையில் வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதையும் பனி என்கிறோம். குழப்பம் நேராதிருக்க, வானிலிருந்து விழுவதை வெண்பனி என்றும், நீர் உறைந்து கட்டியானதைப் பனிக்கட்டி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

சோஜி லா கணவாய்

ஸ்ரீநகர் - லே சாலை சோஜி லா என்னும் கணவாய் வழியே இமயமலைத் தொடரைக் கடக்கிறது. கணவாயின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். உதகமண்டலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 1948 நவம்பரில் இந்திய இராணுவம் இக்கணவாயின் மீது டாங்கிகளை ஏற்றிச் சென்றது. கோவேறு கழுதைகள் மட்டுமே சென்ற தடத்தை டாங்கிகள் செல்லும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் 'தம்பிகள்' என்று அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர்.

குளிர்காலத்தில் இப்பாதையில் பல மீட்டர் உயரத்துக்கு வெண்பனி குவியும். ஒரு பக்கம் செங்குத்தான மலைச்சரிவு, மறு பக்கம் பள்ளத்தாக்கு. சாலையின் மேல் கிடக்கும் வெண்பனியை இயந்திரங்களால் அகற்றிவிடலாம். சாலைக்கு மேலே சரிவில் தங்கியிருக்கும் வெண்பனியே உண்மையான கவலை.

வெண்பனி என்பது பெரும்பாலும் காற்று

புதிதாக விழுந்த வெண்பனியில் ஒரு கனமீட்டர் எடுத்து நிறுத்தால், அதன் எடை 100 கிலோகிராமுக்கு மேல் இருப்பது அரிது. அதே பருமனுள்ள பனிக்கட்டியின் எடை 917 கிலோகிராம். எனவே புது வெண்பனியின் பருமனில் பத்தில் ஒன்பது பங்கு காற்றேயாகும். இக்காற்று படிகங்களுக்கு இடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை அரிதில் கடத்தும் என்பதை நாம் அறிவோம். கம்பளி குளிரைத் தடுப்பதும் இதனால்தான்.

ஆகவே வெண்பனி மலைக்குப் போர்த்திய கம்பளி போன்றது. கம்பளிக்கு அடியில் தரையின் வெப்பநிலை ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். மேற்பரப்பிலோ தெளிந்த இரவுகளில் வெப்பநிலை -20 டிகிரி வரை இறங்கலாம். வெண்பனியின் ஆழம் ஒரு மீட்டர் என்றால், அந்த ஒரு மீட்டருக்குள் 20 டிகிரி வேறுபாடு! இந்த வேறுபாடுதான் பின்னால் வரும் தொல்லைக்கு வித்து.

உள்ளே நடக்கும் மாற்றம்

பனிக்கட்டி உருகி நீராகாமலே நேரடியாக ஆவியாக முடியும். இதனைப் பதங்கமாதல் என்கிறோம். கற்பூரம் கரைவதும் இவ்வாறே. 0 டிகிரியில் பனிக்கட்டியின் ஆவியழுத்தம், -20 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. எனவே அடியிலுள்ள படிகங்களிலிருந்து நீராவி கிளம்பி, துளைகளின் வழியே மேல்நோக்கிச் சென்று, சற்றுக் குளிர்ந்த படிகங்களின் மேல் மீண்டும் உறைகிறது. மீட்டருக்குச் சுமார் 10 டிகிரிக்கு மேல் வெப்பநிலை வேறுபாடு இருந்தால் இச்செயல் விரைவாக நடைபெறும்.

இதன் விளைவாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த நுண்படிகங்கள் மறைந்து, அவற்றின் இடத்தில் முனைகளும் பட்டைகளும் கொண்ட பெரிய படிகங்கள் வளர்கின்றன. அவை பார்வைக்குச் சீனியைப் போலவே இருக்கும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும். ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளாது. ஆழம் குறைந்த வெண்பனியில் அதே வெப்பநிலை வேறுபாடு குறைந்த தூரத்திலேயே ஏற்படுவதால், மாற்றம் இன்னும் விரைவாகும். 'கொஞ்சம்தானே பெய்திருக்கிறது' என்று நாம் அலட்சியம் செய்யும் மெல்லிய வெண்பனியே இவ்வகையில் மோசமான அடித்தளமாகிவிடுகிறது.

இந்தச் சீனி அடுக்கின் மேல் புதிதாக ஒரு மீட்டர் வெண்பனி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலைமை என்னவாகும் என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பலகையின் மேல் சொரசொரப்பான துண்டை இறுக்கிக் கட்டுங்கள். அதன் மேல் மைதா மாவைச் சலித்து ஓர் அடுக்கு பரப்புங்கள். அடுத்து ஓர் அடுக்கு சீனி. அதற்கு மேல் மீண்டும் மாவைப் பரப்பி உள்ளங்கையால் இலேசாக அழுத்துங்கள். இப்போது பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். சிறிது நேரம் ஒன்றும் நடவாது. பிறகு ஒரு கணத்தில் மேல் மாவு முழுவதும் பாளம் பாளமாகச் சரிந்து விழும். பனிச்சரிவு நிகழும் முறையும் இதுவே.

அரை மீட்டர் பாளத்தின் எடை

பெரும்பாலான பாளப் பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகளில் தோன்றுகின்றன. அதைவிடச் செங்குத்தான இடங்களில் வெண்பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். அதைவிடச் சாய்வு குறைந்த இடங்களில் பெரும்பாலும் நகராது.

நூறு மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிப்புள்ள ஒரு பாளத்தை எண்ணிப் பாருங்கள். கனமீட்டருக்கு 200 கிலோகிராம் என்று கொண்டால் அதன் எடை 500 டன். 35 டிகிரி சரிவில் அதனைக் கீழே இழுக்கும் விசை, எடையை சைன் 35 டிகிரியால் பெருக்கக் கிடைப்பது. அதாவது 280 டன்னுக்கும் மேல். இவ்வளவையும் தாங்கி நிற்பது அந்தச் சீனி அடுக்கு! ஓரிடத்தில் அது நொறுங்கினால் முறிவு அடுக்கு முழுவதும் பரவிவிடுகிறது. சரிவில் ஒரு மனிதர் கால் வைப்பதே அதற்குப் போதுமானதாகிவிடலாம். உலர்ந்த பனிச்சரிவு மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாயக்கூடியது.

பொழிவு நின்ற பின்னும் இந்தச் சுமை கூடக்கூடும். காற்று, மலையின் ஒரு பக்கத்திலிருந்து வெண்பனியை வாரிக்கொண்டு வந்து மறு பக்கத்தில் கொட்டுகிறது. நீலவானத்தின் கீழேயே சரிவின் பாரம் ஏறிக்கொண்டிருக்கும். அடுத்து வெயில். வெயிலில் மேல்பகுதி உருகி, நீர் உள்ளே இறங்கி, படிகங்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. என் மாணவர் கண்ட பளிச்சென்ற வெயில், உண்மையில் சரிவை அசைக்கும் கைகளுள் ஒன்று.

பனிச்சரிவில் புதையுண்டவரைக் கொல்வது பெரும்பாலும் குளிரன்று, மூச்சுத்திணறலே. ஓடும்போது தூள்போல் இருந்த வெண்பனி, நின்றவுடன் துகள்கள் ஒட்டிக்கொண்டு இறுகிவிடுகிறது. கையை அசைக்கவும் முடியாது. ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலைகளில் திரட்டிய கணக்குகளின்படி, முதல் 10 நிமிடங்களில் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரை மணி கடந்தால் பிழைப்போர் சுமார் மூன்றில் ஒருவரே. வெளியூரிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்க நேரமில்லை. உடன் செல்பவர்களே தோண்டியாக வேண்டும்.

சாலையில் தெரியாத கண்ணாடி

இனிச் சாலைக்கு வருவோம். பகல் வெயிலில் ஓரத்து வெண்பனி உருகிச் சாலையில் நீராக ஓடுகிறது. இரவில் மேகம் இல்லையென்றால், தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு இழந்து விரைவில் குளிர்கிறது. மேகமிருந்தால் அது ஒரு கூரைபோல நின்று வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். எனவே தெளிந்த இரவே மிகக் குளிர்ந்த இரவு. சாலை நீர் மெல்லிய பனிக்கட்டிப் படலமாக உறைகிறது. ஓட்டுநர்கள் இதனைப் 'பிளாக் ஐஸ்' என்பர். கண்ணாடி போன்ற இப்படலத்தின் வழியே கறுப்புத் தார் தெரிவதால், ஈரச் சாலை என்றே தோன்றும்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? அழுத்தத்தால் உருகுநிலை குறைந்து, பனிக்கட்டி உருகி வழுக்குகிறது என்று நாம் படித்திருக்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால் இவ்விளக்கம் போதாது என்பது புரியும். உருகுநிலையை 1 டிகிரி குறைக்கவே 130 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். சுமை லாரியின் டயர் தரும் அழுத்தமோ 7 வளிமண்டலம் அளவே. அதனால் உருகுநிலை 0.05 டிகிரிதான் குறையும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் உறைநிலைக்குக் கீழும் நீர்போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கும் என்று 1850-இல் மைக்கேல் ஃபாரடே கருத்துத் தெரிவித்தார். உராய்வு வெப்பமே பரப்பை உருக்குகிறது என்று 1939-இல் பௌடனும் ஹியூஸும் காட்டினர். இவ்விரண்டும் சேர்ந்தே வழுக்கலை உண்டாக்குகின்றன. உறைநிலைக்குச் சற்றே கீழுள்ள பனிக்கட்டி, கடுங்குளிரில் உறைந்ததைவிட அதிகமாக வழுக்குவதும் இதனால்தான்.

உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.7; பனிக்கட்டியில் 0.1. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் போட்டபின் உலர்ந்த சமதளச் சாலையில் 9 மீட்டரில் நிற்கும். பனிக்கட்டியில் நிற்க 63 மீட்டர் வேண்டும். இறக்கம் பத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினால், சக்கரங்களை முழுவதும் நிறுத்தினாலும் வண்டி தானாகவே வழுக்கிச் செல்லும். வளைவில் 63 மீட்டருக்கு இடமேது?

வண்டிக்குள் ஒளிந்திருக்கும் எமன்

வழியில் சிக்கிக்கொண்டவர்கள் வண்டிக்குள் பத்திரமாக இருக்கலாமே என்று தோன்றும். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. பாகிஸ்தானில் உள்ள மரீ என்னும் மலைவாசத்தலத்தில், 2022 ஜனவரி 7-ஆம் நாள் இரவு கடும் வெண்பனியில் ஏராளமான கார்கள் சாலையிலேயே சிக்கின. மறுநாளுக்குள் 20-க்கும் மேற்பட்டோர் தங்கள் வண்டிகளிலேயே இறந்து கிடந்தனர். இவர்களில் பலரது சாவுக்குக் கார்பன் மோனாக்சைடு காரணம் என்று அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர்.

குளிருக்காக எஞ்சினை ஓடவிடுகிறோம். வெண்பனி உயர்ந்து சைலன்சர் குழாயை மூடுகிறது. வெளியேற வழியின்றிப் புகை வண்டிக்குள் கசிகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இவ்வாயுவை 200 மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் தூக்கமும் வரும், தூங்கியவர் எழுவதில்லை. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்குதான். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இந்த நஞ்சு இன்னும் கொடியது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. எஞ்சினை இயக்குமுன் இறங்கிச் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள வெண்பனியை அகற்ற வேண்டும். ஒரு சன்னலை விரலளவு திறந்து வைக்க வேண்டும். மணிக்குப் பத்து நிமிடம் போல மட்டும் எஞ்சினை ஓட்டி, பிறகு நிறுத்திவிட வேண்டும். குழாயை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பதன் பொருள்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். இரண்டு மூன்று நாட்கள் நிறுத்தி வைப்பது ஏன்? புது வெண்பனி தன் எடையால் அமுங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறுதி பெறுவதற்கு அவ்வளவு காலம் தேவைப்படுகிறது. தாங்க முடியாத சரிவுகள் பெரும்பாலும் அதற்குள் தாமே விழுந்துவிடும். அதன் பின்னும் ஆழத்திலுள்ள சீனி அடுக்கு வாரக்கணக்கில் வலுவின்றியே இருக்கக்கூடும். எனவே வல்லுநர்கள் வெண்பனியில் குழி தோண்டி, ஒவ்வோர் அடுக்கின் கடினத்தையும் வெப்பநிலையையும் அளக்கின்றனர். இப்பணிக்காக மணாலியில் 1969-இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020-இல் அது மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனமாகியது.

சரிவுகளுக்கு அடியில் புகுந்துவிடுவது மற்றொரு வழி. ரோதங் கணவாயைத் தவிர்க்கும் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரிலும், சோஜி லாவுக்குச் செல்லும் வழியில் சுமார் ஆறரை கிலோமீட்டர் சோனாமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. சோஜி லாவின் அடியிலேயே சுரங்கம் அமைக்கும் பணி 2020-இல் தொடங்கியது.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்த மாணவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "குழாயைச் சுற்றிப் பனியை எடுக்கச் சொல்லி எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள், சார். இனிமேல் புதுப் பையன்களுக்கு நான் காரணத்தையும் சேர்த்துச் சொல்வேன்" என்றார். அடுத்த வாரம் அவர் வடக்கே இரயிலேறினார்.