கேரட்டைக் கட்டிக்கிட்டா யூனிகார்ன் ஆகிடலாமா? 3 குழந்தைகள் புத்தகங்கள், 3 பதில்கள்!

யூனிகார்ன்னு சொன்னதும் ஆபீஸ் போறவங்களுக்கு 100 கோடி டாலர் ஸ்டார்ட்அப்தான் ஞாபகம் வரும். வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருந்தால் கதையே வேற. ஸ்கூல் பேக், தண்ணி பாட்டில், பர்த்டே கேக்... எங்கே திரும்பினாலும் அந்த ஒற்றைக் கொம்புக் குதிரைதான்.

படக்கதைப் புத்தகங்களில் இதற்கென்றே ஒரு வகை இருக்கிறது. யூனிகார்ன் ஆக ஆசைப்படும், இல்லை அதைப் பார்த்து வயிறெரியும் விலங்குகளின் கதைகள். ‘நீ நீயாவே இரு’ங்கிறதுதானே மெசேஜ் என்று தோன்றலாம். அவ்வளவு சிம்பிள் இல்லை.

முதலில் ‘தெல்மா தி யூனிகார்ன்’. ‘தி பேட் கைஸ்’ எழுதிய ஆஸ்திரேலியர் ஏரன் பிளேபியின் 2015 புத்தகம். தெல்மா ஒரு குட்டைக் குதிரை. கீழே கிடக்கும் கேரட்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்கிறாள். அந்த நேரம் பார்த்து வரும் ஒரு லாரி தடுமாற, அதிலிருந்த பிங்க் பெயின்ட்டும் கிளிட்டரும் அவள்மேல் கொட்டுகிறது. அவ்வளவுதான், ஓவர்நைட்ல செலிபிரிட்டி! அப்புறம் துரத்தும் ரசிகர்கள், வெறுப்பைக் கக்கும் சிலர், தனிமை. கடைசியில் பெயின்ட்டைக் கழுவிவிட்டு, தன் நண்பன் ஓட்டிஸ் என்கிற கழுதையிடம் திரும்புகிறாள். 2024-ல் இது நெட்ஃபிளிக்ஸ் படமாகவும் வந்தது.

நமக்கு இது பக்கா சோஷியல் மீடியா கதை. ஆனா குழந்தைக்கு? ஆசைப்பட்டதுக்கு தெல்மா தண்டனை வாங்குற மாதிரி இருக்கு. கொஞ்சம் மினுமினுக்க ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய தப்பா என்ன?

இந்த இடத்தில்தான் பாப் ஷியா ஸ்கோர் பண்ணுகிறார். 2013-ல் வந்த அவரது ‘யூனிகார்ன் திங்க்ஸ் ஹீ இஸ் ப்ரிட்டி கிரேட்’ கதையைச் சொல்வது ஒரு ஆடு. புதுசா குடிவந்த யூனிகார்னைக் கண்டாலே அதுக்கு ஆகாது. ஆடு கஷ்டப்பட்டு ஒரு ஸ்வீட் செய்தால், யூனிகார்ன் கப்கேக் மழையே பெய்ய வைக்கும். கடுப்பாகாதா?

ஆனா ஒருநாள் யூனிகார்ன், ஆட்டோட பிளவுபட்ட குளம்பைப் பார்த்து வாயைப் பிளக்குது. ஆட்டுப்பால் சீஸ் போட்ட பீட்சாவைப் பார்த்து அசந்துபோகுது. தனக்கு இருக்கிறதை இன்னொருத்தர் ஆச்சரியமா பார்க்கும்போதுதான் ஆட்டோட பொறாமை இறங்குது. பொறாமையை ‘கெட்ட குணம்’னு திட்டாமல், அது எப்படிக் கரையும் என்று காட்டுவதால் என் ஓட்டு இந்த ஆட்டுக்குத்தான்.

மூணாவது, ஜெஸ்ஸி சிமாவின் ‘நாட் குவைட் நார்வால்’ (2017). இது அப்படியே உல்டா. கெல்ப் பிறவியிலேயே யூனிகார்ன். ஆனால் கடலுக்கடியில் நார்வால்களோடு வளர்ந்ததால் தானும் நார்வால் என்றே நினைக்கிறான். நீச்சல் சரியா வரலை, அவங்க சாப்பாடும் பிடிக்கலை. ஒருநாள் நீரோட்டம் மேலே இழுத்துப்போக, கரையில் தன்னைப் போலவே ஒருவரைப் பார்க்கிறான். கடலா, கரையா? ரெண்டில் ஒன்றை அவன் விட வேண்டியதே இல்லை என்று முடிகிறது கதை.

சும்மா ரைமிங்குக்காகப் பிடித்த ஜோடி இல்லை இது. ஆர்க்டிக் கடலில் வாழும் நார்வால், ஒரு திமிங்கில வகை. அதன் ‘கொம்பு’ உண்மையில் ஒரு பல்! பெரும்பாலும் ஆண்களுக்கு வளரும், 3 மீட்டர் வரைகூட நீளும். இடைக்கால ஐரோப்பாவில் இதையே விஷமுறிவுக்கான யூனிகார்ன் கொம்பு என்று சொல்லி விற்றார்கள். டென்மார்க் மன்னர்களின் சிம்மாசனத்திலேயே இந்தப் பல் இருக்கிறது. கோபன்ஹேகனின் ரோசன்போர்க் கோட்டையில் இன்றும் பார்க்கலாம். அது நார்வால் பல்தான் என்று 1638-ல் போட்டுடைத்தவர் டென்மார்க் அறிஞர் ஓலே வோர்ம்.

சரி, எதை முதல்ல வாங்கலாம்? ‘அவளுக்கு மட்டும் டான்ஸ் நல்லா வருது’ன்னு மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கிற குழந்தைக்கு ஆட்டுக் கதை. வீடு, ஊர், ஸ்கூல் மாறின குழந்தைக்கு கெல்ப். தெல்மாவை வாசிக்கிற அன்னைக்கு மட்டும் ஃபிரிட்ஜில் கேரட் இருக்கான்னு பார்த்து வெச்சுக்கோங்க. எப்படியும் கேட்பாங்க.